மகாகவி தாகூரும் துன்பம் என்னும் கேள்வியும்

நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது? ஒரு பாவமும் அறியாத பச்சைக் குழந்தை ஏன் நோய்வாய்ப்பட்டு இறக்கிறது? எல்லாம் வல்ல இறைவன், கருணையே வடிவான இறைவன், இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? கோயில் வாசலில் நின்று இக்கேள்விகளை மனத்துக்குள்ளாவது கேட்காதவர் நம்மில் எவரும் இரார்.

நமது சைவ சமயம் வினைக் கொள்கையைக் கொண்டு இதற்கு விடை சொல்கிறது. ஆனால் அந்த விடையை யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்வது என்பது மற்றொரு கேள்வி. 1934 ஆம் ஆண்டில் இந்த இரண்டாவது கேள்வியை முன்வைத்துப் பாரத நாட்டின் இரு பெரியோர்கள் நாடறிய வாதிட்டார்கள். ஒருவர் மகாத்மா காந்தியடிகள். மற்றவர் குருதேவர் என்று போற்றப்பட்ட மகாகவி இரவீந்திரநாத் தாகூர். தாகூரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கே அந்த வாதத்தின் ஆழம் விளங்கும். ஆகவே அவரது வாழ்க்கையிலிருந்தே தொடங்குவோம்.

இளமைக் காலம்

இரவீந்திரநாத் தாகூர் 1861 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் திகதி கல்கத்தாவின் ஜோராசாங்கோ என்னும் பகுதியிலுள்ள பெரிய மாளிகையில் பிறந்தார். பாட்டனார் துவாரகநாத் தாகூர் பெரும் வணிகர். தந்தையார் தேவேந்திரநாத் தாகூர் செல்வத்தில் பிறந்தும் துறவியைப் போல் வாழ்ந்தவர். மக்கள் அவரை மகரிஷி என்று அழைத்தார்கள். அவர் பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவர். உருவ வழிபாட்டை விடுத்து, உபநிடதங்கள் கூறும் ஒரே பரம்பொருளைத் தியானிப்பதே அவர்களது நெறி. நமது ஆலய வழிபாட்டு முறைக்கு அது வேறுபட்டதாயினும், அதன் வேர் நாம் போற்றும் அதே உபநிடதங்களில்தான் இருக்கிறது.

1873 இல் உபநயனம் முடிந்தபின் சிறுவன் இரவியைத் தந்தையார் இமயமலைப் பகுதிக்கு அழைத்துச் சென்றார். போகும் வழியில் வங்காளத்தின் போல்பூருக்கு அருகே தாம் வாங்கியிருந்த நிலத்தில் சில நாட்கள் தங்கினார்கள். அந்த இடமே சாந்திநிகேதன். அதிகாலையில் எழுந்து தந்தையோடு அமர்ந்து சமஸ்கிருதம் கற்றதும், விண்மீன்களைப் பார்த்து வானவியல் கேட்டதும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. இறைவனைப் பற்றிய நம்பிக்கையும் இயற்கையின் விதிகளைப் பற்றிய அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர் இளமையிலேயே கற்றுக்கொண்டார் எனலாம்.

மரணமும் இளமையிலேயே அவரைத் தேடி வந்தது. 1875 இல் தாயார் சாரதாதேவி காலமானார். இரவிக்கு அப்போது 14 வயதுகூட நிரம்பவில்லை. தாயற்ற சிறுவனைத் தாய்போலப் பார்த்துக்கொண்டவர் அண்ணியார் காதம்பரிதேவி. அவருடைய கவிதைகளை முதலில் படித்துக் குறை நிறை சொன்னவரும் அவரே. 1883 டிசம்பரில் தாகூருக்குத் திருமணம் நடந்தது. நான்கே மாதங்களின் பின் அந்த அண்ணியார் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 22 வயது இளைஞரான தாகூருக்கு அது ஆறாத காயமாயிற்று. பின்னாளில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்த இழப்பின் வலியை மறைக்காமல் கூறியிருக்கிறார்.

சாந்திநிகேதனும் தொடர்ந்த இழப்புகளும்

1901 டிசம்பரில் தாகூர் சாந்திநிகேதனில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். மரநிழலில் அமர்ந்து ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழும் பழைய குருகுல முறையில் அது அமைந்தது. கையில் பணம் இருக்கவில்லை. மனைவி மிருணாளினிதேவி தமது நகைகளைக் கொடுத்து உதவினார். பிள்ளைகளுக்குத் தாமே சமைத்தும் போட்டார்.

பள்ளி தொடங்கி ஓராண்டு முடியுமுன், 1902 நவம்பர் 23 ஆம் திகதி மிருணாளினிதேவி காலமானார். அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. ஐந்து பிள்ளைகள் தாயை இழந்தனர். அடுத்த ஆண்டு இரண்டாவது மகள் ரேணுகா காசநோயால் இறந்தார். 1905 இல் தந்தையார் தேவேந்திரநாத் மறைந்தார். 1907 இல் விடுமுறைக்காகப் பீகாரிலுள்ள முங்கேர் என்னும் ஊருக்குச் சென்றிருந்த கடைசி மகன் சமீந்திரநாத்துக்கு வாந்திபேதி நோய் கண்டது. தந்தை விரைந்து சென்றார். ஆனால் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. தாய் இறந்து சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், அதே நவம்பர் மாதத்தில், 11 வயது நிரம்புமுன் அப்பிள்ளை இறந்தான். முங்கேர் என்னும் இந்த ஊரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அது மீண்டும் வரும்.

மகனை இழந்து இரயிலில் திரும்பிய இரவைப் பற்றித் தாகூர் பல ஆண்டுகளின் பின் மகள் மீராவுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். வானம் முழுவதும் நிலவொளி நிறைந்திருந்ததாம். உலகத்தில் எதுவும் குறைந்துபோனதற்கான அடையாளம் எங்குமே இல்லையாம். அந்த முழுமைக்குள் தன் மகனும் இருக்கிறான் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். இறைவன் என் பிள்ளையைத் தண்டித்துவிட்டான் என்றோ, என் பாவம் பிள்ளையின் தலையில் விழுந்தது என்றோ அவர் எண்ணவில்லை. இறைவனே இல்லை என்று சொல்லவும் இல்லை. துக்கத்தைத் துக்கமாகவே ஏற்று, மறுபடியும் பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பிச் சென்றார்.

இந்த ஆண்டுகளில் எழுந்த பாடல்களே பெரும்பாலும் கீதாஞ்சலி என்னும் நூலாக 1910 இல் வங்காள மொழியில் வெளிவந்தன. அவரே செய்த ஆங்கில ஆக்கம் 1912 இல் இலண்டனில் வெளியாயிற்று. 1913 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆசியாவிலிருந்து நோபல் பரிசு பெற்ற முதல் மனிதர் அவரே. உலகம் முழுவதும் பாராட்டிய அந்தப் பாடல்களின் பின்னால் இத்தனை மரணங்கள் இருந்தன என்பதைப் பலர் அறியார்.

அதே காலத்தில் அவர் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவுகள் சாதனா என்னும் நூலாயின. அதில் தீமை என்னும் பிரச்சினைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆற்றுக்குக் கரைகள் உண்டு. ஆனால் கரைகள் மட்டுமே ஆறு அல்ல, கரைகள் இருப்பதால்தான் நீர் முன்னோக்கி ஓடுகிறது என்ற கருத்தில் அவர் விளக்குகிறார். துன்பம் உண்மையானது, ஆனால் அது இறுதியானது அன்று என்பதே அவரது முடிவு. துன்பத்தைத் தண்டனையாகப் பார்க்கும் எண்ணம் அங்கு இல்லை.

காந்தியடிகளின் நட்பு

காந்தியடிகள் தென்னாபிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அவரது பீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுத்தது சாந்திநிகேதன். 1915 இல் இருவரும் அங்கே முதன்முதலாகச் சந்தித்தனர். அன்றிலிருந்து இருவருக்கும் இடையே ஆழ்ந்த அன்பு இருந்தது. கருத்து வேற்றுமையும் இருந்தது. 1919 இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் தமக்கு அரசு அளித்த சேர் பட்டத்தைத் துறந்தார். ஆயினும் அந்நியத் துணிகளைத் தீயிடுவதையும், எல்லோரும் இராட்டை சுற்றவேண்டும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. அதைப் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே எழுதினார். காந்தியடிகளும் வெளிப்படையாகவே பதில் எழுதினார்.

தீண்டாமை ஒழிப்பில் மட்டும் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். 1932 செப்டெம்பரில், தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி அளிப்பதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். 71 வயதான தாகூர் கல்கத்தாவிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து அங்கு சென்றார். செப்டெம்பர் 26 ஆம் திகதி காந்தியடிகள் விரதத்தை முடித்தபோது அருகிலிருந்து கீதாஞ்சலிப் பாடல் ஒன்றைப் பாடியவர் தாகூர். அதற்கு முந்திய மாதத்தில்தான் அவருடைய ஒரே பேரன், மீராவின் மகன் நிதீந்திரநாத், ஜெர்மனியில் காசநோயால் இறந்திருந்தான். அந்தத் துக்கத்துக்காகச் சாந்திநிகேதனின் மழைவிழாவை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னபோது, என் துக்கத்தை ஊரார் ஏன் சுமக்கவேண்டும் என்று கருதி அவர் மறுத்துவிட்டார்.

பூமி நடுங்கியது

1934 ஜனவரி 15 ஆம் திகதி, தைப்பொங்கலை ஒட்டிய நாளில், பிற்பகல் இரண்டு மணி கடந்த வேளையில் வட பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு ஏறக்குறைய 8 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முசாபர்பூர், தர்பங்கா, மோதிகாரி ஆகிய ஊர்கள் சிதைந்தன. வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஆலயங்கள் சரிந்தன. மிக மோசமாக அழிந்த நகரங்களுள் ஒன்று முங்கேர். தாகூர் தம் மகனைப் பறிகொடுத்த அதே முங்கேர்.

அவ்வேளையில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் யாத்திரை செய்துகொண்டிருந்தார். 1933 நவம்பரில் தொடங்கிய அந்த யாத்திரை ஒன்பது மாதம் அளவில் நீடித்தது. பூகம்பச் செய்தி வந்தபோது அவர் தென்னாட்டில் இருந்தார். ஜனவரி 24 ஆம் திகதி திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பீகார் மக்களுக்காக நிதி கேட்டுப் பேசினார். அப்போது, தீண்டாமை என்னும் பெரும் பாவத்துக்காக இறைவன் அனுப்பிய தண்டனையே இப்பூகம்பம் என்று தாம் நம்புவதாகக் கூறினார். அந்தச் சொல் பத்திரிகைகளில் வந்து நாடெங்கும் பரவியது.

இரு பெரியோர்களின் வாதம்

தாகூர் அதைப் படித்து மிகவும் வருந்தினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவருக்குக் காந்தியடிகளோடு எந்த வேற்றுமையும் இல்லை. ஆகவே மௌனமாக இருந்திருக்கலாம். நல்ல காரியத்துக்காகச் சொன்ன சொல்தானே என்று விட்டிருக்கலாம். அவர் அப்படி விடவில்லை. ஜனவரி 28 ஆம் திகதி காந்தியடிகளுக்கே கடிதம் எழுதி, இது உண்மையில் நீங்கள் சொன்னதுதானென்றால் என் மறுப்பையும் வெளியிடுங்கள் என்று கேட்டு, மறுப்புரையை அவரிடமே அனுப்பிவைத்தார்.

அந்த மறுப்பின் சாரத்தை நான்கு கருத்துக்களாகக் கூறலாம். முதலாவது, பூமி நடுங்குவதற்குப் பூமிக்குள்ளேயே காரணம் உண்டு. மனிதரின் நன்மை தீமைகளைப் பார்த்து அது நடுங்குவதில்லை. இரண்டாவது, பாவம் செய்தவர்கள் தூரத்தில் சுகமாக இருக்க, ஒன்றுமறியாத ஏழைகளையும் குழந்தைகளையும் கொன்று பாடம் கற்பிப்பவன் இறைவன் என்றால், அத்தகைய இறைவனைவிட மனிதனே நல்லவன் என்று ஆகிவிடும். மூன்றாவது, உலகில் கொடுமை இல்லாத காலமே கிடையாது. ஏழைகளின் வறுமை மீது எழுந்த எத்தனையோ மாளிகைகள் இடியாமல் நிற்கின்றன. நான்காவது, இதே வாதத்தை எதிர்த்தரப்பாரும் பயன்படுத்தலாம். காந்தியடிகளும் அவரைச் சார்ந்தவர்களும் பழைய ஆசாரத்தை மீறியதால்தான் பூகம்பம் வந்தது என்று வைதிகர்கள் சொன்னால் அதற்கு என்ன பதில்?

இறுதியில் அவர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். நாட்டு மக்களின் மனத்திலிருந்து அச்சத்தைப் போக்கியவர் காந்தியடிகள். அவருடைய வாயிலிருந்தே மக்களின் அறியாமையை வளர்க்கும் சொல் வருவதுதான் தம் வருத்தத்துக்குக் காரணம் என்றார்.

காந்தியடிகள் அந்த மறுப்பை 1934 பெப்ரவரி 16 ஆம் திகதி தமது ஹரிஜன் பத்திரிகையில் முழுமையாக வெளியிட்டார். அதே இதழில் தம் பதிலையும் எழுதினார். கருத்து மாறினாலும் தம் இருவரின் அன்பு மாறாது என்று தொடங்கினார். இறைவனின் விதிகள் முழுவதையும் நாம் அறியோம். அவன் ஆணையின்றி ஓர் இலையும் அசைவதில்லை என்பது என் நம்பிக்கை. உடலுலகுக்கும் ஆன்மாவுக்கும் தொடர்பு உண்டு என்று உணர்கிறேன். அதை என்னால் நிரூபிக்க முடியாது. இதுவே அவர் நிலை. ஒரு துன்பம் வரும்போது தன்னைத் தானே சோதித்துத் தூய்மை செய்துகொள்ள இந்த நம்பிக்கை உதவுகிறது என்றும், அதைப் பிறரைத் தாக்கும் ஆயுதமாக்கினால் அது தவறாகும் என்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

இருவரும் தத்தம் நிலையிலிருந்து மாறவில்லை. அப்போது முங்கேரில் இடிபாடுகளுக்கிடையே மண்வெட்டி பிடித்து வேலை செய்துவந்த ஜவாகர்லால் நேரு, தாகூரின் பக்கமே தாம் நிற்பதாகப் பின்னர் தமது சுயசரிதையில் எழுதினார். காந்தியடிகளோ மார்ச் மாதத்தில் யாத்திரையை இடைநிறுத்திப் பீகாருக்கே சென்று, இராஜேந்திரப் பிரசாத் நடத்திய நிவாரணப் பணியில் பங்குகொண்டார். வாதம் வேறு, தொண்டு வேறு என்று அவர்கள் இருக்கவில்லை.

அந்திமக் காலம்

அதே 1934 மே மாதத்தில் தாகூர் தம் கலைஞர் குழுவோடு மூன்றாவது முறையாக இலங்கைக்கு வந்தார். கொழும்பில் நாட்டிய நாடகம் நடத்தினார். ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். இவ்வாறு 73 வயதிலும் ஊர் ஊராக அலைந்தது தம் விசுவபாரதி நிறுவனத்துக்குப் பணம் சேர்க்கவும்தான். 1936 இல் அவர் இப்படியே டெல்லிக்கு வந்தபோது, இந்த வயதில் இவர் பிச்சையெடுப்பதா என்று மனம் நொந்து, 60,000 ரூபா கிடைக்க ஏற்பாடு செய்து அவரை ஊருக்கு அனுப்பிவைத்தவர் காந்தியடிகளே. 1940 பெப்ரவரியில் காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் சாந்திநிகேதனுக்கு வந்தபோது, தம் காலத்துக்குப் பின் விசுவபாரதியைக் காத்துத்தர வேண்டுமென்று கடிதம் எழுதிக் கையிற் கொடுத்தார் தாகூர். நாடறியத் தம்மோடு வாதிட்டவரிடமே தம் வாழ்நாள் உழைப்பை அவர் ஒப்படைத்தார்.

1941 ஜூலை 30 ஆம் திகதி அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அன்று காலையிலும் ஒரு கவிதையைச் சொல்லி எழுதுவித்தார். ஆகஸ்ட் 7 ஆம் திகதி, தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 80.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் நாகபட்டினத்திலும் நம்மவர்களை வாரிக்கொண்டு போனபோது, என்ன பாவத்துக்கு இது என்ற கேள்வி நம்மிடையேயும் எழுந்தது. பிள்ளையை இழந்த தாயின் முன் நின்று அது வினைப்பயன் என்று சொல்வது சுலபம். அவள் அதற்குப் பின் கோயிலுக்கு வருவாளா என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வினைக் கொள்கையைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது நம் சமயத்தின் தூண்களுள் ஒன்று. ஆனால் அது ஒருவன் தன்னைத் தான் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அடுத்தவன் முகத்தில் வீசும் கல் அன்று. எதிரெதிரே நின்று வாதிட்ட இரு பெரியோர்களும் இந்த ஓரிடத்தில் ஒன்றுபட்டார்கள்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் என்ன செய்தார்கள் என்பதைப் பெரியபுராணம் கூறுகிறது. பசித்தவர்களிடம் அவர்கள் வினையைப் பற்றி விளக்கவில்லை. இறைவனிடம் படிக்காசு பெற்று, அரிசி வாங்கி, அடியார்களுக்கு அமுதளித்தார்கள். தீண்டாமையின் கதையும் அப்படித்தான். 1936 இல் திருவிதாங்கூரிலும் 1939 இல் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்திலும் எல்லோருக்கும் கதவு திறந்தது பூகம்பத்துக்குப் பயந்து அல்ல. நல்ல மனிதர்கள் பாடுபட்டதால்.

நமது ஆலயத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் நோயோ மரணமோ வரும்போது, ஏன் என்ற கேள்வியை அவர்கள் இறைவனிடம் கேட்கட்டும். நாம் சோறு சமைத்து எடுத்துக்கொண்டு போவோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மகனைப் பறிகொடுத்த பின்னும் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் திரும்பிச் சென்ற அந்த மகாகவியின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி இதுவே.

சிவசிவ.